படுவான்கரைக்குக் கொண்டுபோன இன்சுலின்

இன்சுலின் வராமல் போனால் என்ன செய்வது என்று மருந்தாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார். கையிருப்புக் குறைந்துகொண்டு போகிறது, கிளினிக் நாளில் ஆட்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் அப்போது பதில் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது ஒரு சம்பவம், அதுவும் நல்லபடியாக முடியாத சம்பவம். வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதைப் படித்தால் உங்களுக்குத் தைரியம் வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வேலைக்கு வந்துவிட்டீர்கள். இப்படியும் நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் படுவான்கரையில் மருந்தாளராக இருந்தேன். வாவிக்கு மேற்கே, மண்டூரிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன வைத்தியசாலை. அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில் இருந்தது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை, அரசாங்கத்தின் ஆமியின் கையில். இடையில் தண்ணீர். அதைக் கடக்கப் பாதை இருந்தது. மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பாதை ஓடினால் மருந்து வரும். அக்கரையில் ஆமி துறையை மூடிவிட்டால் ஒன்றும் வராது.

எங்கள் டொக்டர் மாற்றலாகிப் போய், அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. மிஞ்சியது நானும் ஒரு தாதியும்தான். சனம் அவவைப் பெரிய மிஸ் என்றும் என்னைச் சின்ன மிஸ் என்றும் கூப்பிடும். டொக்டர் எடுக்க வேண்டிய முடிவுகள் எங்கள் இரண்டு பேரின் தலையிலும் விழுந்தன. மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தது. ஆமி மண்ணெண்ணெய் வர விடாததால் அது உடுப்பு வைக்கிற அலுமாரி மாதிரிச் சும்மா நின்றது. இன்சுலின் குப்பிகளை ஒரு மண் சட்டிக்குள் வைத்து, அந்தச் சட்டியை ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, மேலே நனைந்த சாக்குப் போட்டு வைத்திருந்தோம். வெக்கையில் இன்சுலின் மெல்ல மெல்லத்தான் பலம் இழக்கும். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் கிழமைக் கணக்கில் தாங்கும். இதை நினைவில் வைத்திருங்கள். குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது என்பதற்காக யாரும் இன்சுலினைக் குப்பையில் கொட்டக் கூடாது.

சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள் எங்களிடம் சிலர் இருந்தார்கள். சண்டை இறுகியதும், எழுவான்கரையில் சொந்தக்காரர் உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்.

ஒருவர் இளையதம்பி. அறுபதைத் தாண்டிய கமக்காரர். அறுவடை முடிந்த வயல் வட்டையில் நடந்தபோது நெற்கட்டை குத்தி, வலது குதிக்காலில் புண் வந்தது. விழுங்குகிற குளிசையில் சீனி இறங்கவில்லை. புண் ஆற வேண்டும் என்பதற்காக டொக்டர் போவதற்கு முன் அவரை ஊசிக்கு மாற்றியிருந்தார். புண் மெல்லச் சுருங்கி வந்தது.

மற்றவர் தவமலர். இருபத்தைந்து வயது இருக்கும். பாலர் பாடசாலை ஆசிரியை. பத்து வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள். கண்ணாடி ஊசியைத் தானே அவித்து, தானே போட்டுக்கொள்வாள். எழுவான்கரைக்குப் போய்விடு என்று எத்தனையோ தடவை சொன்னோம். அவள் போகமாட்டாள். அவளுடைய தம்பி இயக்கத்தில் இருந்தான். துறையில் ஆமி சில நாட்களில் முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும். வருகிறவர்களைப் பார்த்து அவன் தலையாட்டினால் ஆள் உள்ளே. ஊரில் இரண்டு பெண்களை அப்படிப் பிடித்திருந்தார்கள். தவமலர் அதற்குத்தான் பயந்தாள். அந்தப் பயத்தைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாதை ஓடாத ஒரு காலத்தில் இன்சுலின் குறைந்து வந்தது. இரண்டு பேருக்கும் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் இன்னும் கொஞ்சக் காலம் இழுக்கலாம். பெரிய மிஸ்ஸும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க இதைப் பேசினோம். உண்மையில் பேச அதிகம் இல்லை. இளையதம்பிக்கு இன்சுலினை நிறுத்தினால் காலுக்கு ஆபத்து. தவமலருக்கு நிறுத்தினால் உயிர் போகும். சொல்லும்போது லேசான கணக்குத்தான். அதை அந்த மனிசனிடம் போய் யார் சொல்வது என்பதில்தான் அந்தப் பின்னேரம் போனது. கடைசியில் நான் போனேன்.

அவர் வீட்டு வாசலில் வலை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி கிணற்றடியில் நின்றா. நான் வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மருந்து முடிந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவரிடமிருந்து ஒன்றை எடுப்பதென்றால் எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"இத நிப்பாட்டினா எனக்கு என்ன நடக்கும், புள்ள?" என்று கேட்டார்.

"குளிசை தாறன். சாப்பாட்ட இறுக்கிப் பிடிச்சா உயிருக்கு உடனே ஒண்டும் வராது. ஆனா புண் ஆறாது. மேல ஏறினா கால எடுக்க வேண்டி வரும்."

"அந்தப் புள்ளைக்கு?"

"அவட உடம்பில இன்சுலின் துப்புரவா, ஒரு சொட்டும், ஊறாது. நிப்பாட்டினா ஒரு கிழமை தாங்கமாட்டா."

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என்ட பொஞ்சாதிக்கிட்ட ஒண்டும் சொல்ல வேணாம். ஊசி ஒத்துக்கொள்ளல்ல, நானாத்தான் வேணாமெண்டன் எண்டு இரிக்கட்டும்."

நான் குளிசையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் நன்றி என்ற சொல் அவரை அவமதிப்பது மாதிரி இருந்திருக்கும்.

தவமலருக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. மருந்து கொடுக்கிற ஜன்னலடியில் வந்து நின்று, அவருடைய பங்கு தனக்கு வேண்டாம் என்றாள். சாகிறதென்றால் சாகிறேன், ஒரு மனிசனின் காலில் நின்றுகொண்டு நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதா என்று அழுதாள். இது நீ கேட்டு எடுத்ததில்லை, நாங்கள் எடுத்த முடிவு, உன் வேலை நேரத்துக்கு ஊசி போடுவது மட்டும்தான் என்று பெரிய மிஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினா. அவள் போனாள். ஆனால் அதற்குப் பிறகு இளையதம்பியின் வீட்டு வழியாக அவள் பாடசாலைக்குப் போகவில்லை. வயல் வரம்பால் சுற்றிப் போனாள்.

பிறகு பாதை ஓடத் தொடங்கியது. எத்தனை நாளைக்கு ஓடும் என்று யாருக்கும் தெரியாது. நான் முதல் பாதையிலேயே ஏறி அக்கரைக்குப் போய், பஸ் எடுத்து, பட்டினத்து மருந்துக் களஞ்சியத்துக்குப் போனேன். களஞ்சியப் பொறுப்பாளர் நல்ல மனிதர். அவரிடமும் அதிகம் இல்லை. இருந்ததில் பாதிக்கு மேல் தந்தார். தெளிந்த இன்சுலினும் பால் மாதிரிக் கலங்கிய இன்சுலினும் கலந்து, இரண்டு பேருக்கும் மாதக் கணக்கில் போதும். அவரே சூடு ஏறாத றெஜிபோம் பெட்டி ஒன்றில் அடியில் ஐஸ் போட்டு, அதன் மேல் மடித்த பேப்பர் வைத்து, ஐஸ் தொடாதபடி குப்பிகளை அடுக்கித் தந்தார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இளையதம்பிக்குத் திரும்ப ஊசி தொடங்கலாம், கால் தப்பிவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு மணித்தியாலம்தான் அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரம்.

துறைக்கு வந்தபோது ஆமியின் காவல் சென்றியில் சனம் திரண்டு நின்றது. படுவான்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்ததாம், பாதையை நிறுத்திவிட்டார்கள். என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி மருந்துக்கான அனுமதிக் கடிதத்தை வாசித்தார். விசாரித்துவிட்டு நாளைக்குத் தருவதாகச் சொல்லிப் பெட்டியை முகாமுக்குள் கொண்டுபோகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். இதில் ஐஸ் இருக்கிறது, மூடியபடியே நிழலில் வைத்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் தலையசைத்தார். என்னை உள்ளே விடவில்லை. துறைக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு வீட்டில் தங்கினேன்.

விடிந்ததும் போய் நின்றேன். பெட்டியைக் கொண்டுவந்தது ஒரு இளம் சிப்பாய். முந்தின நாள் நான் அவனைப் பார்க்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. சிங்களமும் கொஞ்சத் தமிழும் கலந்து பேசினான். தன்னுடைய அம்மாவுக்கும் இதே வருத்தம், இதே ஊசி என்றான். அவன் காவலுக்கு வந்தபோது பெட்டிக்குள் ஐஸ் கரைந்து தண்ணீராகிக் கிடந்ததாம்.

"மிஸ், ஐஸ் முடிஞ்சது. மருந்து பழுது வரும் எண்டு நான் எடுத்து, எங்கட ஃப்ரிட்ஜ் மேல, ஐஸ் வாற இடம், அங்க வச்சது. இப்ப நல்ல கூல்."

நான் மூடியைத் திறந்தேன். குப்பிகளுக்குள் இன்சுலின் கட்டியாக உறைந்திருந்தது.

உங்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும். வெக்கைப்பட்ட இன்சுலினில் கொஞ்சமாவது மிஞ்சும். உறைந்து உருகின இன்சுலினை நம்பவே முடியாது. கலங்கின வகையில் சின்னச் சின்னத் துகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் கண்டுபிடிக்கலாம். தெளிந்த வகை உருகினால் பழையபடி தெளிவாகவே இருக்கும். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஏசியிருக்கலாம். அவனுக்கு மேலே உள்ளவரிடம் முறையிட்டிருக்கலாம். அதனால் குப்பிகள் திரும்ப மருந்தாகப் போவதில்லை. அடுத்த தடவை இதே வழியால்தான் நான் வர வேண்டும். அதைவிட, அவன் தன் தாய்க்குச் செய்வதை எங்களுக்குச் செய்திருந்தான். நான் நன்றி சொன்னேன். அது வாயால் மட்டும் சொன்னதில்லை.

பட்டினத்துக்குத் திரும்பிப் போகக் கேட்டேன். பெரிய றோட்டில் சுற்றிவளைப்பு, பஸ் இல்லை, ஒருவரையும் விடமாட்டோம் என்றார்கள். அதே நேரம் பாதைக்கு ஆள் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கேயே இருந்தால் றோட்டுத் திறக்கும் வரை இருக்க வேண்டும். அதற்குள் பாதை நின்றுவிட்டால் நான் இந்தப் பக்கம், என் நோயாளர் இரண்டு பேரும் அந்தப் பக்கம். நான் ஏறினேன். இன்றைக்கும் அதே இடத்தில் என்னை நிறுத்தினால் ஏறத்தான் செய்வேன்.

ஊருக்குப் போனதும் தவமலரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னோம். கலங்கின குப்பிகள் எல்லாவற்றிலும் துகள் ஒட்டியிருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டோம். தெளிந்தவற்றைப் பற்றித்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மருந்தா மிஸ், தண்ணியா?"

"தெரியா," என்றேன்.

"தெரியாட்டி போடுவம். போடாம விட்டா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே."

அக்கரைக்குப் போய்விடு என்று அப்போதும் சொன்னோம், அவள் கேட்கவில்லை. மண் சட்டியில் மிஞ்சியிருந்த பழைய குப்பியை முதலில் பாவித்தோம். அது முடிந்ததும் உறைந்து உருகியதைத் தொடங்கினோம். அப்போது இரத்தத்தில் சீனி பார்க்க எங்களிடம் கருவி இல்லை. சிறுநீரை நீலக் கரைசலில் சூடாக்கிப் பார்ப்போம். சீனி இல்லையென்றால் நீலமாகவே நிற்கும், கூடக் கூடப் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். முதல் நாள் பச்சை. எங்களுக்கு ஆசை வந்தது. அடுத்த நாள் மஞ்சள். அளவைக் கூட்டலாமா என்று நான் கேட்டேன். ஒரு குப்பி தண்ணீராகவும் அடுத்த குப்பி பலத்தோடும் இருந்தால் கூட்டின அளவே சீனியை ஒரேயடியாக இறக்கி ஆளை விழுத்திவிடும் என்று பெரிய மிஸ் பயந்தா. அவவின் பயமும் சரி, என் அவசரமும் சரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம், பக்கத்திலேயே இருந்து பார்த்தோம். நிறம் செங்கலில் நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை.

அவளை அக்கரைக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. பாதை நின்றுவிட்டிருந்தது. மீன் பிடிக்கிற ஒருவர் தன் தோணியைத் தந்து, தானே வந்தார். கம்பில் வெள்ளைச் சாரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் போனோம். ஆமி பார்க்க வேண்டும், பார்த்துச் சுடாமல் இருக்க வேண்டும். தவமலர் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். மூச்சு ஆழமாக, ஓடிக் களைத்தவளின் மூச்சு மாதிரி வந்தது. அதில் பழுத்து அளிந்த பழத்தின் மணம். அந்த மணத்தை ஒரு தடவை தெரிந்துகொண்டால் உங்களுக்கு மறக்காது. ஒரு தரம் கண்ணைத் திறந்து, தலையாட்டி நிற்கிறானா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்குத் தெரியாது, அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சொன்னேன்.

உண்மையில் அவன் நிற்கவில்லை. கரையில் இறங்கியபோது அவளுடைய பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. மாதக் கணக்காக எதற்குப் பயந்து அவள் அந்தத் தண்ணீரைக் கடக்காமல் இருந்தாளோ, அது அன்றைக்கு அங்கே இல்லை.

ஓடிவந்து தோணியைப் பிடித்தது அந்தச் சிப்பாய்தான். அவளைக் கிடத்திய பலகையின் ஒரு பக்கத்தை அவன் தூக்க, மறுபக்கத்தைத் தோணிக்காரர் தூக்கினார். ஆஸ்பத்திரி வண்டி வரும் வரை அவன் பக்கத்தில் நின்றான். அவளுடைய மூச்சைக் கேட்டு அவனுக்கு விளங்கிவிட்டது. தாயிடம் பார்த்திருப்பான்.

"மிஸ், அந்த மருந்து குடுத்ததுதானே?" என்று கேட்டான்.

"குடுத்தம்," என்றேன்.

அதற்கு மேல் அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் தன்னுடைய தொப்பியால் அவள் முகத்துக்கு வெயில் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பட்டினத்துக்குப் போகிற வழியில், களுதாவளையைத் தாண்டும்போது வண்டியிலேயே அவள் போய்விட்டாள். பெரிய மிஸ் வரவில்லை, நான் மட்டும்தான் இருந்தேன். சாரதியிடம் உடனே சொல்லவில்லை. சொன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதில் என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில இருக்கின்றன. பெட்டியை யார் கையில் கொடுத்தாலும், உறைய விடக் கூடாது என்று வெளியே மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கொடுப்பவரிடம் சொன்னது போதாது, அடுத்த காவலுக்கு வருகிறவர் அதைக் கேட்டிருக்கமாட்டார். நல்ல மனசுள்ளவர்களிடம் இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள்தான் சும்மா இருக்காமல் ஏதாவது செய்யப் பார்ப்பார்கள். ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டி வந்தால் நேரே போய்ச் சொல்லுங்கள். இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஆள் போகலாம். எங்கள் முடிவுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் பிழை விட்டோம் என்று ஒரு இடத்தைக் காட்ட முடிந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

இளையதம்பிக்குப் புண் மேலே ஏறியது. பாதை திரும்ப ஓடியபோது அவரைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் அவரைப் பார்க்கப் போனபோது மாரி தொடங்கியிருந்தது. மனைவி ஏதோ வாங்க வெளியே போயிருந்தா. அவர் வட்டைக்குள் தண்ணீர் நிற்கிறதா, யாராவது விதைத்தார்களா என்று கேட்டார். விதைக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"அந்தப் புள்ள சுகமா இரிக்கிறாவா?"

ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலைக் கொடுத்த மனிசனுக்கு எப்படிச் சொல்வது என்று எல்லாரும் ஒளித்திருக்கிறார்கள். நான் சொன்னேன். சிப்பாயைப் பற்றியும், உறைந்த குப்பிகளைப் பற்றியும், தோணியில் போனதைப் பற்றியும், எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு, அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்தார்.

"அப்ப, என்ட பங்கால எவ்வளவு காலம் கூட இரிந்தா?"

"ஒரு மாசம் வரும், ஐயா."

"அந்த மாசம் என்ன செஞ்சவ?"

"பாலர் பள்ளிக்கூடம் நடத்தினவ. ஒரு நாளும் நிப்பாட்டல்ல. பிள்ளைகளெல்லாம் வந்ததுகள்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அதை நினைத்துத்தான் சொன்னேன்.

"அந்த ஒரு மாசம் எனக்குக் காணாது, புள்ள," என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அப்படியே இருந்தேன். பார்க்க வந்தவர்கள் போக வேண்டிய மணி அடித்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் என்னைப் போகச் சொல்லவில்லை. மனைவி வரும் வரைக்கும் நான் இருந்தேன்.